நுரையீரல் பிளானில் ஆறு சதவீத வித்தியாசம்: எந்தக் கணக்கை நம்புவது?

கேள்வி: மருத்துவ இயற்பியலாளராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. நுரையீரல் கட்டி ஒன்றுக்கு 6 எம்வி (மெகாவோல்ட், கதிரின் ஆற்றல்) கதிரில், சிறிய ஃபீல்டுகளில் (கதிர் விழும் பரப்பு) கதிர்ச் சிகிச்சைக்கான பிளான் போட்டோம். ஒரு புள்ளியில், பிளானைக் கணக்கிடும் கணினியான பிளானிங் சிஸ்டம் 200 சென்டிகிரே டோஸ் (உடல் வாங்கும் கதிரின் அளவு) காட்டுகிறது. அதே மானிட்டர் யூனிட்டுகளுக்கு (மெஷின் எவ்வளவு கதிரை வெளிவிட வேண்டும் என்ற அளவு), அந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்கும் சரிபார்ப்பு மென்பொருள் 212 என்கிறது. யூனிட்டை ஆறு சதவீதம் குறைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: தயவுசெய்து யூனிட்டில் கை வைக்காதீர்கள். சிஸ்டம் சொன்னதுதான் சரி என்றால், கட்டிக்குப் போக வேண்டிய டோஸில் ஆறு சதவீதத்தை நீங்களே வெட்டிவிடுவீர்கள்.

வித்தியாசம் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். உடல் முழுவதையும் தண்ணீராக எடுத்துக்கொள்ளும் மென்பொருள், நுரையீரலைத் தாண்டிய புள்ளியில் டோஸைக் குறைத்துத்தான் காட்டும். உண்மையில் நுரையீரலின் அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோதான். கதிர் அதில் அவ்வளவு தேயாது. உங்களுக்கோ கூடுதலாக வருகிறது. அப்படியென்றால் உங்கள் மென்பொருள் ஆழத்தை அடர்த்திக்கேற்பத் திருத்துகிறது, ஆனால் கதிர் உடலில் கிளப்பிவிடும், டோஸைக் கொடுக்கும் எலக்ட்ரான்கள் பக்கவாட்டில் ஓடுவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சந்தேகிக்கலாம்.

தண்ணீரில் ஓடுவதைப்போல மூன்று நான்கு மடங்கு தூரம் எலக்ட்ரான் நுரையீரலில் ஓடும். ஃபீல்டு சிறியதாக இருந்தால் அது வெளியே போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்ட வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. அதனால் நுரையீரலிலும் கட்டியின் ஓரத்திலும் டோஸ் குறைகிறது. பென்சில் பீம் என்ற பழைய கணக்கு முறைக்கு இது தெரியாது. கொலாப்ஸ்டு கோன் என்ற முறை ஓரளவு நன்றாகவே பிடித்துவிடும், மான்டே கார்லோ முறை இன்னும் துல்லியம். 15 எம்வியில் எலக்ட்ரான் இன்னும் தூரம் ஓடும் என்பதால்தான் நுரையீரலுக்குப் பெரும்பாலும் 6 எம்வியைத் தேர்ந்தெடுக்கிறோம்.

சந்தேகம் சரியா என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிளானை நகலெடுத்து, உடலின் வெளிக்கோட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் தண்ணீரின் அடர்த்தியைக் கொடுங்கள். யூனிட்டை மாற்றாமல் மறுபடி கணக்கிடுங்கள். சரிபார்ப்பிலும் அடர்த்தித் திருத்தத்தை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். (நகலின் பெயரிலேயே 'சோதனை' என்று எழுதிவிடுங்கள். அது தவறிக்கூடச் சிகிச்சை அறைக்குப் போகக் கூடாது.) இப்போது இரண்டும் இரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போனால், மெஷின் தரவுகளில் பெரிய கோளாறு இல்லை, வித்தியாசம் நுரையீரலால் வந்தது. அப்போதும் ஆறு சதவீதம் அப்படியே நின்றால் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம். அவுட்புட் ஃபேக்டர் (ஃபீல்டு அளவுக்கேற்ப மாறும் டோஸ் விகிதம்), வெட்ஜ் (ஆப்பு வடிவ வடிகட்டி), எஸ்எஸ்டி (கதிர் மூலத்திலிருந்து தோல் வரையான தூரம்), எம்எல்சி (ஃபீல்டுக்கு வடிவம் தரும் உலோக இலைகள்) தரவு என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

புள்ளி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஒருமுறை ஒன்பது சதவீத வித்தியாசத்தோடு ஒரு மாலை முழுவதும் போராடினேன். கடைசியில் சிடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், புள்ளி மூச்சுக்குழாய்க் கிளையின் காற்றுக்குள் உட்கார்ந்திருந்தது. ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி, கட்டியின் நடுவில் வைத்ததும் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கு வந்தது. ஃபீல்டு ஓரத்திலும் இப்படித்தான் ஏமாற்றும்.

அப்புறம், இரண்டு கணக்கும் ஒத்துப்போவதாலேயே டோஸ் சரி என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே சிடி படத்தையும், சிடி எண்ணை (படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஸ்கேனர் தரும் எண்) அடர்த்தியாக மாற்றும் ஒரே வளைவையும் பயன்படுத்தினால், அதில் இருக்கும் பிழை இரண்டிலும் ஒன்றாகவே வரும். வளைவை 120 கேவியில் (கிலோவோல்ட், ஸ்கேனர் குழாயின் மின்னழுத்தம்) எடுத்துவிட்டு நோயாளியை 80 கேவியில் ஸ்கேன் செய்தால் எலும்பின் எண்கள் மாறிவிடும். சிகிச்சை மேசையைக் கணக்கில் சேர்த்தீர்களா, டோஸைக் கணக்கிடும் கட்டங்களின் அளவு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் போகவில்லையா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2000-01இல் பனாமாவில், கதிரைத் தடுக்கும் மறைப்புக் கட்டைகளைப் பிளானிங் சிஸ்டத்தில் வேறு விதமாகப் பதிந்தார்கள். கணினி சிகிச்சை நேரத்தை ஏறத்தாழ இரு மடங்காகக் கொடுத்தது. யாரும் அதைக் கையால் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. 28 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர் பாய்ந்தது. உங்கள் 212 அப்படிப்பட்ட ஓர் எச்சரிக்கையாகவும் இருக்கலாம், அதனால்தான் காரணத்தைத் தேடச் சொல்கிறேன்.

தண்ணீர்ச் சோதனையில் தேறிவிட்டால், நேரம் கிடைக்கும்போது கார்க் பலகைகளை நுரையீரலாக அடுக்கி, நடுவில் கட்டி அளவு திடநீர்த் துண்டை (கதிருக்குத் தண்ணீர்போல இருக்கும் பிளாஸ்டிக்) வைத்து, டோஸை அளக்கும் கருவியான சிறிய அயனிச் சேம்பரால் அளந்து பாருங்கள். வரும் எண்ணைச் சிஸ்டத்தின் கணக்கோடு ஒப்பிட்டுப் பதிந்துவைத்தால், அடுத்த நுரையீரல் பிளானுக்கும் உதவும். இந்த நோயாளியின் கோப்பில் ஆறு சதவீதத்துக்கான காரணத்தை எழுதி, முதல் சிகிச்சைக்கு முன்பே மூத்த இயற்பியலாளரிடமும் கதிரியக்கப் புற்றுநோய் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.