மார்பகப் புற்றுநோய்க்கென்று தனி நர்ஸா? டாக்டர் இருக்கும்போது அவர் எதற்கு?

நோய் தெரிந்த நாளிலிருந்து சிகிச்சை முடிந்த பிறகும் கூடவே வரும், இதற்கென்றே கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸ். அவ்வளவுதான் விஷயம்.

ஏன் தேவை என்றால், ஆபரேஷனுக்கு ஒரு டாக்டர், கீமோவுக்கு இன்னொருவர், கதிர்வீச்சுக்கு வேறொருவர். கல்யாண வீட்டில் சமையல்காரர், பந்தல்காரர் என்று எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்தாலும், எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த ஒரு அத்தை வேண்டுமே, அந்த அத்தைதான் இவர்.

ஆபரேஷன் முடிந்து, காயத்தில் ஊறும் நீர் வடிவதற்காக வைத்த குழாயும் பாட்டிலும் அக்குளில் தொங்க வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு, அதை எப்படிக் காலி செய்வது, எவ்வளவு வடிந்தது என்று எப்படிக் குறித்து வைப்பது, கையை எப்போதிலிருந்து மெல்லத் தூக்கிப் பழகுவது, இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகாட்டுவார். கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவும் சொல்லிவைப்பார். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளும் இவரிடம்தான் வரும்.

ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் வீரர் கிளென் மெக்ராத்தும் மனைவி ஜேனும் 2005-ல் தொடங்கிய மெக்ராத் அறக்கட்டளை, இத்தகைய நர்ஸுகளின் சேவையை இலவசமாகத் தருகிறது. ஜேன் 2008-ல் இதே நோயில் இறந்தார். சிட்னி டெஸ்டில் மைதானமே பிங்க் நிறமாக இருக்குமே, அது இதற்கு நிதி திரட்டத்தான்.

அப்புறம், இவர் வெறுமனே ஆறுதல் சொல்ல வருபவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பக்கவிளைவுகளை ஆரம்பத்திலேயே கவனித்து டாக்டருக்குத் தகவல் சொல்வதும் இவர் வேலைதான்.