கல்யாண வேலைக்கு செகண்ட் ஹேண்ட் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர்: டி850, டி750, 5டி மார்க் 4 இவற்றில் எதை வாங்கலாம்?

கேள்வி கேட்ட தம்பிக்கு மன்னார்குடிப் பக்கம். கையில் இருப்பது கேனான் க்ராப் சென்சார், அதாவது சின்ன சென்சார் பாடி, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம் 1.8, ஒரு பழைய 70-200 எஃப்4. தை மாத முகூர்த்தங்களுக்குள் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமுக்கு மாற வேண்டும், உள்ளே கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ் வாங்கக் கையில் பணம் இல்லை, மூன்று பாடிகளின் பலம் பலவீனத்தைச் சொல்லுங்கள் என்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் கேனான் லென்ஸ் இருக்கிறது, அதனால் கேனான் 5டி மார்க் 4. லென்ஸே இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் நிக்கான் டி850 என்று சொல்லியிருப்பேன். பணம் இடிக்கிறது என்றால் நிக்கான் டி750 இன்றைக்கும் சோறு போடும் கேமராதான். நான் கும்பகோணத்தில் பதினேழு வருடமாகக் கல்யாண வேலை பார்க்கிறேன். டி750, டி850 இரண்டும் என்னுடையவை. கூட வேலை செய்யும் தம்பி வைத்திருப்பது 5டி மார்க் 4. அதனால் மூன்றும் ஒரே மண்டபத்தில், ஒரே வெளிச்சத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்துவிட்டேன்.

நம் பக்கம் முகூர்த்தம் பெரும்பாலும் நாலரையிலிருந்து ஆறு, இல்லையென்றால் ஆறிலிருந்து ஏழரை. மண்டபத்தில் வெளிச்சம் என்று ஒன்று ஒழுங்காக இருக்காது. மேலே டியூப் லைட், மணவறையைச் சுற்றி மஞ்சள் பல்பு, பக்கத்தில் வீடியோக்காரர் எல்இடி, நடுவில் ஹோமப் புகை. ஐயர் கையைத் தூக்கி 'கெட்டிமேளம்' என்றதும் தவில் இடிக்கிறது, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், அட்சதை பறக்கிறது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் நாத்தனார் கை உள்ளே வருகிறது. அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தில் கேமரா பொண்ணின் கண்ணைப் பிடிக்க வேண்டும். முன்னால் பறக்கும் அரிசியையோ, குறுக்கே வரும் வளையல் கையையோ பிடித்துவிட்டால் போச்சு. எந்த பாடியையும் நான் இந்த அரை நிமிடத்தை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

அந்த இடத்தில் டி850 தான் முந்துகிறது. 153 ஃபோகஸ் பாயின்ட், நடுப்புள்ளி மைனஸ் 4 ஈவி வரை பிடிக்கும் என்பது கம்பெனிக் கணக்கு (ஈவி வெளிச்ச அளவு, மைனஸ் கூடக் கூட இருட்டு). விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் முகத்தைத் தயங்காமல் பிடிக்கிறது. 5டி மார்க் 4-ல் 61 பாயின்ட், மைனஸ் 3 ஈவி. டி750-ல் 51 பாயின்ட், அதுவும் மைனஸ் 3 தான். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் வேலையைக் கெடுக்கிற அளவுக்கு இல்லை. மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பாயின்டுகள் எல்லாம் நடுவிலேயே குவிந்து கிடக்கும். கேமராவை நிமிர்த்திப் பிடித்து முழு உருவம் எடுக்கும்போது முகம் மேலே போய்விடும், அங்கே பாயின்ட் இருக்காது. நடுவில் ஃபோகஸ் பண்ணிவிட்டு கேமராவை நகர்த்தினால் 1.4, 1.8 அபர்ச்சரில் கண் தவறிக் காது ஷார்ப்பாக வரும். தாலிகட்டுக்கு நான் 2.8-க்குக் கீழே இறங்குவதே இல்லை. மிரர்லெஸ் இந்த ஒரு விஷயத்தில் வெகுதூரம் போய்விட்டது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

டியூப் லைட் இன்னொரு தொல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை மின்னும். 1/250 நொடி ஷட்டரில் தொடர்ந்து நாலு படம் எடுத்தால் ஒன்று வெளிச்சம், ஒன்று மங்கல், ஒன்று பச்சை. டி850-யிலும் 5டி மார்க் 4-லும் விளக்கு இப்படி மின்னுவதைப் பார்த்து, வெளிச்சம் கூடும் நேரத்தில் ஷட்டரை விடும் வசதி இருக்கிறது. டி750-ல் இல்லை. அதில் எடுத்தால் 1/100-க்கு இறங்கி, கை ஆடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கார்டு ஸ்லாட். மூன்றிலும் இரண்டு உண்டு. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் இருந்தது ஒரே ஸ்லாட் கேமரா. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கல்யாணம். வீட்டுக்கு வந்து கார்டைப் போட்டால் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. மீட்கும் சாஃப்ட்வேர் எல்லாம் ஓட்டி, ஊஞ்சலும் சாப்பாட்டுப் பந்தியும் வந்தன. தாலிகட்டு வரவில்லை. வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து ஆல்பத்தில் வைத்தேன். பொண்ணோட அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, 'இது மட்டும் ஏன் தம்பி மங்கலா இருக்கு?' என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைக்காமல் நான் மண்டபத்துக்குள் நுழைவதில்லை. கேனான் 6டி மார்க் 2 மலிவாகக் கிடைக்கிறதே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். திருப்பும் ஸ்கிரீன், நல்ல கலர் எல்லாம் சரி, ஸ்லாட் ஒன்றுதான். கல்யாணத்துக்கு வேண்டாம்.

கார்டு வகையையும் பாருங்கள். டி750-ல் இரண்டுமே எஸ்டி, எந்த ஊரிலும் கிடைக்கும். 5டி மார்க் 4-ல் ஒன்று பழைய சிஎஃப், இன்னொன்று எஸ்டி. அந்த எஸ்டி ஸ்லாட் வேகம் குறைவு, இரண்டிலும் ரா ஃபைலாக (கேமரா சுருக்காத முழுப் பதிவு) எழுதினால் கேமரா மூச்சு வாங்கும். டி850-ல் ஒன்று எக்ஸ்க்யூடி, ஒன்று வேகமான எஸ்டி. 2020 கடைசியில் வந்த ஃபர்ம்வேரை, அதாவது கேமராவின் உள் மென்பொருளைப் போட்டால் எக்ஸ்க்யூடி ஸ்லாட்டில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி கார்டும் ஓடும். ஆனால் முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி கார்டு போய்விட்டால் நம் ஊர்க் கடையில் கிடைக்காது. உபரியாக ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

மெகாபிக்சலுக்காக மட்டும் டி850-யை யாரும் வாங்க வேண்டாம். 45.7 மெகாபிக்சல் என்பது கேட்க நன்றாக இருக்கும். நம் ஆல்பம் விரித்தால் 12×36 அங்குலம். ஒரு படத்தை ஒரு பக்கத்துக்கு, அதாவது 12×18-க்கு வைத்தால், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 5400க்கு 3600 பிக்சல் போதும். டி750-யின் 24 மெகாபிக்சலே இதைத் தாண்டிவிடும். இரண்டு பக்கமும் ஒரே படம் விரிக்கும்போதுதான் வித்தியாசம் வரும்: டி850-ல் சுமார் 229 டிபிஐ, 5டி மார்க் 4-ல் 187, டி750-ல் 167. மடியில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்தில் அதையும் யாரும் கண்டுபிடிப்பதில்லை. ஹார்ட் டிஸ்க் மட்டும் கண்டுபிடிக்கும். ஒரு ரா ஃபைல் டி850-ல் 50 எம்பிக்குப் பக்கம், 5டி மார்க் 4-ல் 37 எம்பிக்குப் பக்கம். மூவாயிரம் படம் என்றால் 150 ஜிபி, 110 ஜிபி. பேக்கப்பையும் சேர்த்தால் இரண்டு மடங்கு.

டி850-யை நான் நேசிக்கிற இடம் மண்டபம் இல்லை, கோயில். அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு, 64. தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயில் மண்டபத்துக்குள், நிழலில் நின்றுகொண்டு வெளியே வெயிலில் நிற்கும் பொண்ணு மாப்பிள்ளையைத் தூண்களோடு சேர்த்து எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்குக் கணக்கு வைத்தால் தூண் கரியாகிவிடும். டி850 ஃபைலில் அந்தக் கறுப்பைத் தூக்கினால் கல்லில் உளி பட்ட இடம் வரை வருகிறது, நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியாக வரும் குப்பை, இல்லை. நான் முன்னால் வைத்திருந்த 5டி மார்க் 3-ல் இப்படித் தூக்கினால் இருட்டில் கோடு கோடாக விழும். மார்க் 4-ல் கேனான் அதைப் பெரிதும் சரி பண்ணிவிட்டது, ஆனாலும் டி850 அளவுக்கு இல்லை. விடியற்காலை மண்டபத்தில் ஐஎஸ்ஓ 3200, 6400 என்று போகும்போது இந்த வித்தியாசமெல்லாம் கரைந்துபோகிறது. திருவாரூர் ஆழித்தேரை வெயிலில் எடுப்பவருக்கு ஐஎஸ்ஓ 64 வரம். முகூர்த்தம் மட்டும் எடுப்பவருக்கு அது தேவைப்படாது.

முகத்தின் நிறத்துக்கு என் ஓட்டு கேனானுக்கு. மஞ்சள் பூசிய முகம், மஞ்சள் விளக்கு, அரக்குப் பட்டு, இந்த மூன்றையும் 5டி மார்க் 4 தருகிறபடியே கொடுத்துவிடலாம். நிக்கான் ஃபைலில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் உட்கார்ந்து கலர் பார்க்கிறேன். இது என் கண்ணின் கணக்கு, உங்களுக்கு வேறாகத் தோன்றலாம்.

சத்தம் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. திருவையாற்றில் ஆராதனையன்று பஞ்சரத்ன கீர்த்தனை எல்லாரும் சேர்ந்து பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேமராவுக்குள் கண்ணாடி அடிக்கிற சத்தத்தில் எடுக்க மனசு வராது. டி850-ல் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறை) சத்தமே இல்லாமல் எடுக்கலாம், ஆனால் மிருதங்கத்தில் வேகமாகப் போகும் கை வளைந்து வரும், எல்இடி வெளிச்சத்தில் பட்டை விழும். 5டி மார்க் 4-ன் மெதுவான ஷட்டர் முறை முழு அமைதி இல்லை, ஆனால் படம் கெடாது. எனக்கு அதுவே பிடிக்கும்.

வீடியோவும் எடுப்பீர்கள் என்றால்: 5டி மார்க் 4-ல் டூயல் பிக்சல் ஃபோகஸ், அதாவது சென்சாரிலேயே நடக்கும் ஃபோகஸ், வெண்ணெய் மாதிரி நகரும். ஆனால் 4கே எடுத்தால் ஃபிரேம் 1.7 மடங்குக்குக் கிட்ட வெட்டுப்படும், நிமிடத்துக்கு 4 ஜிபி பக்கம் தின்னும். டி850 4கே முழு அகலத்தில் வரும், லைவ் வியூவில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் நிக்கான் டிஎஸ்எல்ஆர் டி780. அப்புறம் கேனான் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 எல்லாம் கோடியக்கரையில் பூநாரைக் கூட்டம் எழும்பும்போது எடுப்பவருக்கு. 1440 கிராம் பாடியைத் தூக்கிக்கொண்டு பந்தி வரைக்கும் நடக்க வேண்டாம்.

இப்போது உங்கள் லென்ஸுக்கு வருவோம். 18-55 ஃபுல் ஃபிரேம் கேனானில் மாட்டவே மாட்டாது, அதை பாடியோடு சேர்த்து விற்றுவிடுங்கள். 50-ம் 70-200-ம் அப்படியே ஓடும். ஆனால் இதுவரை 50 எம்எம் உங்களுக்கு 80 மாதிரிப் பார்த்தது, இனி 50 ஆகவே பார்க்கும், இரண்டு எட்டு முன்னால் போக வேண்டிவரும். மிச்சமாகும் காசில் ஒரு 24-70 2.8 பாருங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பின்னால் மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் இந்த லென்ஸ்கள் அடாப்டரில் ஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானில் எல்லா லென்ஸுக்கும் அப்படி இல்லை. பாடியில் இருக்கும் மோட்டாரால் ஓடும் பழைய டி வகை லென்ஸ்கள் டி750, டி850-ல் நன்றாக ஓடும், மிரர்லெஸ்ஸில் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. 5டி மார்க் 4-ன் சிஎஃப் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே ஊசி ஒன்று வளைந்திருந்தாலும் அந்தக் கேமரா வேண்டாம். ஷட்டருக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் 5டி மார்க் 4-க்கும் டி750-க்கும் ஒன்றரை லட்சம், டி850-க்கு இரண்டு லட்சம். நிக்கானில் எடுத்த படத்துக்குள்ளேயே எண்ணிக்கை இருக்கும், கேனானில் கம்ப்யூட்டரோடு இணைத்து சாஃப்ட்வேர் வழியாகப் பார்க்க வேண்டும். டி750 என்றால் சீரியல் எண்ணை நிக்கான் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஷட்டருக்காகக் கம்பெனி திரும்ப அழைத்த எண்கள் உண்டு. ஃபிளாஷ் மாட்டும் இடத்திலும் அடியில் உள்ள திருகுகளிலும் துரு இருந்தால் அது வெள்ளத்தையோ நாகப்பட்டினத்து உப்புக் காற்றையோ பார்த்த கேமரா. லென்ஸை டார்ச்சுக்கு எதிரே பிடித்தால் சிலந்தி வலை மாதிரித் தெரிவது ஃபங்கஸ். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பையிலேயே மூடி வைத்தால் நம் ஊரில் ஒரே பருவத்தில் வந்துவிடும். எனக்கு 85 எம்எம் ஒன்று அப்படித்தான் போனது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால்கூடப் போதும்.

கடைசியாக, ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து, உங்கள் 70-200-ஐ மாட்டி வியூஃபைண்டரில் ஒரு படம், லைவ் வியூவில் ஒரு படம் எடுங்கள். இரண்டிலும் ஷார்ப்பான கோடு வேறாக இருந்தால் ஃபோகஸ் முன்னே பின்னே போகிறது. கொஞ்சம் என்றால் மெனுவிலேயே சரி செய்யலாம், நிறைய என்றால் விட்டுவிடுங்கள். மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் ஒன்றும் தூரமில்லை தம்பி. லென்ஸை எடுத்துக்கொண்டு ஒரு முகூர்த்த நாள் விடியற்காலை வாருங்கள். டி850-யையும் 5டியையும் மண்டபத்திலேயே கையில் தருகிறேன்.