செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து விடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. கடந்த ஆண்டு முதல், சளி பிடிக்கும்போதெல்லாம் அவளது வலது காதிலிருந்து சீழ் வடிகிறது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பரிசோதித்து, செவிப்பறையில் ஓட்டை இருப்பதாகச் சொல்லி, ஆஃப்லாக்சசின் சொட்டு மருந்தை இரண்டு வாரங்களுக்கு விடச் சொல்லியிருக்கிறார். ஆனால், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சொட்டு மருந்து விடவே கூடாது, விட்டால் காது கேட்காமல் போய்விடும் என்று இணையத்தில் படித்தேன். என் மாமியாரின் காது அரிப்புக்கு வாங்கிய ஜென்டாமைசின் சொட்டு மருந்தின் அட்டைப்பெட்டியிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது. சொட்டு மருந்துக்குப் பதிலாக மாத்திரை கேட்டு வாங்கலாமா?

பதில்: நீங்கள் படித்த எச்சரிக்கை உண்மையானது, ஆனால், அது உங்கள் மகளுக்கு எழுதிக் கொடுத்த மருந்துக்கு உரியதன்று. மாமியாரின் மருந்துக்கு உரியது. காதுக்கு விடும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்துகள் அனைத்தையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

செவிப்பறை முழுமையாக இருந்தால், வெளியிலிருந்து விடும் மருந்து காதுக் குழாயிலேயே நின்றுவிடும். ஓட்டை இருந்தால் மருந்து நடுக்காதுக்குள் இறங்கும். நடுக்காதின் உட்சுவரில், வட்டச் சாளரம் எனப்படும் சிறிய திறப்பை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அதற்கு அப்பால் உள்காது. கேட்கும் திறனுக்கும் உடல் சமநிலைக்கும் காரணமான மயிர்ச் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

ஜென்டாமைசின், நியோமைசின், டோப்ராமைசின் ஆகியவை அமினோகிளைகோசைடு என்ற வகையைச் சேர்ந்தவை. இந்த வகையின் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டறியப்பட்டது. அதைக் காசநோய்க்கு ஊசியாகப் போடத் தொடங்கிய காலத்திலேயே, சிலருக்குத் தலைசுற்றலும் நடையில் தள்ளாட்டமும், சிலருக்குக் காது மந்தமும் ஏற்படுவதை மருத்துவர்கள் கவனித்துவிட்டனர். நடுக்காதில் விட்ட மருந்து உள்காதுவரை போகுமா என்று நீங்கள் கேட்கலாம். போகும் என்பதற்குச் சான்றாக ஒரு சிகிச்சையே இருக்கிறது. மெனியர் நோய் என்ற உள்காதுக் கோளாறில் வேறு எந்த மருந்துக்கும் அடங்காத தலைசுற்றல் இருப்பவர்களுக்கு, செவிப்பறை வழியாக ஜென்டாமைசினை நடுக்காதில் ஊசியால் செலுத்தி, அந்தப் பக்கத்துச் சமநிலை உறுப்பின் செயலை வேண்டுமென்றே குறைக்கிறோம்.

அப்படியானால், பல ஆண்டுகளாக இந்த மருந்தைச் சீழ் வடியும் காதுகளில் விட்டவர்கள் எல்லோரும் காது கேளாமல் போனார்களா? இல்லை. சீழ் வடியும்போது நடுக்காதின் சளிப்படலம் வீங்கித் தடித்திருப்பதால், வட்டச் சாளரத்தின் வழியே மருந்து ஊடுருவுவது குறைகிறது. சீழ் நின்று, வீக்கம் வற்றிய பிறகும், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தொடர்ந்து விடுபவர்களுக்கே ஆபத்து கூடுகிறது. பிரிட்டனில்கூட, சீழ் கண்ணுக்குத் தெரியும்போது மட்டும், இரண்டு வாரங்களுக்கு மிகாமல் இவற்றைப் பயன்படுத்தலாம் என்று காது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் என் கருத்தில், பாதுகாப்பான மாற்று மருந்து சாதாரண மருந்துக் கடையிலேயே கிடைக்கும்போது, அரிதான ஆபத்தைக்கூட ஒரு குழந்தையின் காதில் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவையில்லை. தாய்வழி உறவில் யாருக்காவது ஊசி மருந்துக்குப் பிறகு காது மந்தமாகியிருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாய்வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களை, இந்த வகை மருந்து சிறிய அளவிலேயே பாதிக்கக்கூடும்.

அந்த மாற்று மருந்துதான் உங்கள் மகளுக்குக் கொடுத்திருப்பது. ஆஃப்லாக்சசினும் சிப்ரோஃப்ளாக்சசினும் குயினலோன் வகையைச் சேர்ந்தவை; உள்காதைக் கெடுக்கும் தன்மை இவற்றில் காணப்படவில்லை. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கும் ஆஃப்லாக்சசின் காதுச் சொட்டு மருந்தைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1997-இல் அனுமதி அளித்தது. குயினலோன் மாத்திரைகளால் தசைநாண்கள் பாதிக்கப்படும் என்ற செய்தியையும் நீங்கள் படித்திருக்கக்கூடும். காதில் விடும் சில சொட்டுகளிலிருந்து இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால், அந்த அச்சம் இங்கே பொருந்தாது. மருந்து விட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பதாக மகள் சொன்னால் பயப்படாதீர்கள்; நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் வழியாக மருந்து இறங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

மாத்திரை கேட்டு வாங்க வேண்டாம். 0.3 சதவீதச் சொட்டு மருந்தின் ஒரு மில்லிலிட்டரில் 3 மில்லிகிராம் ஆன்டிபயாடிக் இருக்கிறது. மாத்திரை விழுங்கினால் நடுக்காதைச் சென்றடையும் அளவு இதற்குப் பக்கத்தில்கூட வராது. நாட்பட்ட சீழுக்குச் சொட்டு மருந்தே முதல் தேர்வு. காய்ச்சலும் கடும் வலியுமாகப் புதிதாக வரும் நடுக்காது அழற்சியின் கதை வேறு. அதில் செவிப்பறை முழுமையாக இருந்தால் சொட்டு மருந்து உள்ளே போகாது என்பதால், தேவைப்பட்டால் வாய்வழி மருந்துதான்.

மருந்து நல்லதாக இருந்தாலும், சீழின் மேல் விட்டால் பயனில்லை. சுத்தமான பஞ்சைத் திரியாக முறுக்கி, காதுக் குழாயின் வாயில் வைத்து, நனைந்ததும் மாற்றி மாற்றி ஒற்றி எடுங்கள். பட்ஸை உள்ளே திணிக்காதீர்கள். மருந்துக் குப்பியை உள்ளங்கைக்குள் சில நிமிடங்கள் மூடிவைத்திருங்கள், ஏனெனில் சில்லென்ற மருந்து உள்ளே பட்டால் குழந்தைக்குத் தலை சுற்றும். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சொன்ன அளவு சொட்டுகளை விட்டபின், காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை நான்கைந்து முறை மெல்ல அழுத்துங்கள். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். குப்பியில் கண் மருந்து என்றும் எழுதியிருந்தால் பதற வேண்டாம். கண்ணுக்கான மருந்தைக் காதுக்கு எழுதிக் கொடுப்பது வழக்கம்தான். காதுக்கு மட்டும் என்று அச்சிட்டதைக் கண்ணில் விடுவதுதான் கூடாது.

குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் நீங்களாகவே தொடராதீர்கள். ஈரப்பதம் மிகுந்த நம் ஊர்களில், ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விடும் காதுகளில் பூஞ்சை வளர்வதை அடிக்கடி காண்கிறோம். உள்ளே நனைந்த காகிதம்போல் வெள்ளையாகவும், சில நேரம் கரும்புள்ளிகளுடனும் தெரியும். தாங்க முடியாமல் அரிக்கும். அதே மருந்தைத் தொடர்ந்தால் இன்னும் பெருகும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் எதையும் ஊற்ற வேண்டாம். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்து அடைத்துவிடுங்கள்.

உங்கள் மாமியாரின் மருந்தை, அவர் காதை மருத்துவர் ஒருவர் பார்க்காமல் அவருக்கும் விடாதீர்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்து, இரவில் தூங்கவிடாத காது வலியும் இருந்தால், தாமதிக்காமல் காட்டுங்கள்.

மகளுக்குக் காதின் பின்புறம் வீங்கினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, தலைசுற்றலோ கடும் தலைவலியோ காய்ச்சலோ வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரண்டு வாரத்தில் சீழ் நிற்காவிட்டால், அல்லது துர்நாற்றத்துடன் வடிந்தால், சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி, எலும்பை அரிக்கும் கொலஸ்டியட்டோமா (நடுக்காதில் சேரும் தோல் வளர்ச்சி) இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். சீழ் நின்றுவிட்டால், காது உலர்ந்த பிறகு ஆடியோகிராம் எடுத்து, கேட்கும் திறன் எவ்வளவு இருக்கிறது என்று பதிவுசெய்துகொள்ளுங்கள். செவிப்பறையை ஒட்டும் அறுவை சிகிச்சை தேவையா, எப்போது செய்யலாம் என்பதை அதை வைத்துத்தான் உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.