பல்கலைக்கழகத்துக்குத் தொண்டூழியம் எத்தனை மணி நேரம் வேண்டும்?

கேள்வி: "மகள் உயர்நிலை 3, மகன் ஜேசி (தொடக்கக் கல்லூரி) முதலாம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க 200 மணி நேரமாவது தொண்டூழியம் இருக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா? என்ரிச்மென்ட் வகுப்பு எதில் சேர்க்கலாம்?"

200 மணி நேரம் கேட்கும் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இல்லை. 100 கேட்பதும் இல்லை, 50 கேட்பதும் இல்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கொரு எண் கிளம்புகிறது, அவ்வளவுதான். எஸ்எம்யூவின் (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) 80 மணி நேரம் வாய்க்கு வாய் மாறி இப்படி ஆகியிருக்கலாம். அந்த 80 மணி நேர சமூக சேவை, சேர்ந்த பிறகு பட்டம் வாங்குவதற்குள் மாணவர் முடிக்க வேண்டியது. சேர்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மணிக்கணக்கு உண்மையிலேயே பார்க்கப்படும் இடம் உயர்நிலைப் பள்ளி. அதனால் முதலில் மகள் விஷயம். லீப்ஸ் 2.0 என்ற முறையில் இணைப்பாட நடவடிக்கைகள் பங்கேற்பு, சாதனை, தலைமைத்துவம், சேவை என்று நான்கு பிரிவாக மதிப்பிடப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் 1 முதல் 5 வரை நிலைகள். நான்கிலும் குறைந்தது நிலை 3, அதில் ஒன்றிலாவது நிலை 4 இருந்தால் 2 போனஸ் புள்ளி. அதற்கு அடுத்த தரத்துக்கு 1. ஜேசி, பாலிடெக்னிக் சேர்க்கைக்கான தேர்வுப் புள்ளியிலிருந்து இது கழிக்கப்படும், அந்தப் புள்ளி குறைவாக இருப்பதே நல்லது. சேவைப் பிரிவில் 24 மணி நேரத்துக்கு நிலை 1, 30க்கு நிலை 2, 36க்கு நிலை 3. பள்ளியே ஏற்பாடு செய்யும் விஐஏ என்ற சமூக சேவை நடவடிக்கைகளில் ஒழுங்காகக் கலந்துகொண்டாலே நான்கு ஆண்டுகளில் இதன் பெரும்பகுதி வந்துவிடும். அதற்கு மேல் நிலை ஏற, மணியைக் கூட்டிப் பயனில்லை. சமூகத்துக்குப் பயன்படும் திட்டம் ஒன்றை மாணவர்களே யோசித்து நடத்த வேண்டும்.

புள்ளி எங்கே நழுவுகிறது தெரியுமா? சேவையில் பிள்ளை நிலை 4, 5 என்று போயிருப்பாள், தலைமைத்துவத்தில் நிலை 2இல் நின்றிருப்பாள். 2 புள்ளி கைவிட்டுப் போகும். அல்லது ஏதோ ஓர் ஆண்டில் இணைப்பாட நடவடிக்கை வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். பங்கேற்பில் நிலை 3க்கு நான்கு ஆண்டும், ஒவ்வோர் ஆண்டிலும் 75 விழுக்காடு வேண்டும். டியூஷன் நேரம் இடிக்கிறது என்று செவ்வாய்க்கிழமைப் பயிற்சியை விடச் சொல்லும் பெற்றோருக்கு இது உயர்நிலை 4இல்தான் தெரிய வருகிறது. ஆகவே இப்போதே வகுப்பாசிரியரிடம் மகளின் லீப்ஸ் பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான்கு பிரிவில் எது தாழ்ந்திருக்கிறதோ அதற்கு வேலை செய்தால் போதும். 2027 முதல் ஓ நிலைத் தேர்வுக்குப் பதிலாக எஸ்இசி என்ற பொதுத் தேர்வு வருகிறது. 2028 சேர்க்கையிலிருந்து ஜேசிக்கு எல்1ஆர்5 (ஒரு மொழி, ஐந்து பாடம்) போய் எல்1ஆர்4 (ஒரு மொழி, நான்கு பாடம்), வரம்பு 16. பாடம் ஒன்று குறைகிற கணக்கில் ஒரு புள்ளியின் எடை கூடத்தான் செய்யும்.

மகள் பாலிடெக்னிக் பக்கம் சாய்ந்தால் இஎஇ என்ற முன்கூட்டிய சேர்க்கை இருக்கிறது. உயர்நிலை 4 நடுவில் விண்ணப்பம், மூன்று படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம். அங்கே பார்ப்பது அந்தப் படிப்பின் மீது இருக்கும் நாட்டத்தை. தாதிமைக்கு விண்ணப்பிக்கிறவள் கடற்கரை சுத்தம் செய்த சான்றிதழைக் காட்டினால் தவறில்லை, ஆனால் எடுபடாது. இடம் கிடைத்தாலும் தேர்வுப் புள்ளி அந்தப் படிப்புக்கு உரிய வரம்புக்குள் வர வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு ஜேஏஇ என்ற கூட்டுச் சேர்க்கை வழியாக ஜேசிக்கு மாற முடியாது. அவசரப்பட்டு 'சரி' என்று அழுத்தக் கூடாது.

இனி மகன். ஜேசியில் லீப்ஸ் போனஸ் புள்ளி கிடையாது. 2026 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழக மதிப்பெண் 70க்குக் கணக்கிடப்படுகிறது: மூன்று எச்2 (முதன்மைப்) பாடங்களுக்கு 60, ஜிபி என்ற பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் மதிப்பெண்ணை உயர்த்தினால் மட்டும் சேரும். புராஜெக்ட் வொர்க் தேர்ச்சி பெற்றால் போதும். இந்த 70இல் தொண்டூழியத்துக்கு ஒரு புள்ளியும் இல்லை. அது உதவுவது திறன் அடிப்படைச் சேர்க்கை, நேர்காணல், உபகாரச் சம்பளம் ஆகியவற்றில். மதிப்பெண் விளிம்பில் நிற்கும் பிள்ளையை அது உள்ளே இழுக்கலாம். மூன்று பாடத்திலும் சரிந்தவனைத் தூக்கிவிடாது. 'படிப்பு மட்டும்தானா வாழ்க்கை' என்று யாராவது கருத்துப் பகுதியில் சண்டைக்கு வருவீர்கள். வாழ்க்கையைப் பற்றி நான் பேசவில்லை, கேட்டது சேர்க்கையைப் பற்றி.

மகனுக்குக் காலமும் குறைவு. ஜேசி 2இல் ஜூன் விடுமுறை படிப்புக்கே போதாது, அதன்பின் பிரிலிம்ஸ் என்ற முன்னோட்டத் தேர்வு. ஜேசி 1இன் கடைசியில் வரும் நவம்பர்-டிசம்பர் விடுமுறைதான் மூச்சு விட இடம் தரும். எனவே தொண்டூழியத்துக்கு ஓர் இடத்தை இப்போதே பிடித்து, வாரம் இரண்டு மணி நேரம் என்று தொடங்கி, அந்த விடுமுறையில் கூட்டிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

எந்த இடம்? ஆறு இடங்களில் ஒரு நாள் தலை காட்டுவதைவிட ஓர் இடத்தில் ஓராண்டு. நேர்காணலில் "அங்கே என்ன மாறியது?" என்று கேட்டால் ஒரு நாள் போனவனிடம் பதில் இருக்காது. கிவிங்.எஸ்ஜி தளத்தில் தேடலாம். 15 வயதானால் யூத் கோர் என்ற இளையர் தொண்டூழிய அமைப்பு இருக்கிறது. தேசிய நூலக வாரியம் 2004இல் தொடங்கிய கிட்ஸ்ரீட், வசதி குறைந்த குடும்பங்களின் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் திட்டம். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் பிள்ளைகளுக்கு வாசிக்க, பாடம் சொல்லித்தர ஆள் தேவைப்படுகிறது. உங்கள் சம்பளத்திலிருந்து மாதா மாதம் அங்கே போகும் பணத்துக்கு என்ன நடக்கிறது என்றும் வீட்டில் ஒருவருக்குத் தெரியவரும். தாதிமை இல்லம் என்றால் ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன். வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும், 18க்குக் கீழே பெற்றோர் கையொப்பம் கேட்பார்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் உண்டு, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை: தமிழ் பேசத் தெரியும். மாண்டரினும் ஹொக்கியனும் ஒலிக்கும் வார்டில், தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இருப்பார். தாதி பிலிப்பீன்ஸிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்திருப்பார். அங்கே ஒரு பதினேழு வயதுப் பையன் போய் உட்கார்ந்து, "என்ன பாட்டி, காப்பியில சீனி பத்தலையா?" என்று கேட்டு, அதைத் தாதியிடம் சொன்னாலே வேலை நடந்துவிடும். எல்லை ஒன்று இருக்கிறது: மருந்து, வலி, சிகிச்சை பற்றிய பேச்சை அவன் மொழிபெயர்க்கக் கூடாது. தவறாகச் சொல்லிவிட்டால் விளைவு பெரிது. "பாட்டி ஏதோ வலி என்கிறார்" என்று தாதியைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

வாசித்துக் காட்டும் வேலைக்கும் உத்தி உண்டு. ஆறு வயதுப் பிள்ளை பத்தாவது நிமிடத்தில் மேசைக்கு அடியில் போய்விடும். அதை அதட்டி வெளியே இழுக்கிற தொண்டூழியர் அடுத்த வாரம் வரமாட்டார். ஒரு நேரத்துக்கு மூன்று சிறு புத்தகங்கள் கையில் இருக்கட்டும். முதலில் பிள்ளை ஏற்கெனவே அறிந்தது, நடுவில் புதியது, கடைசியில் படம் பார்த்துப் பிள்ளையே கதை சொல்வது. எந்தப் பக்கத்தில் கவனம் போனது என்று குறித்து வைத்தால் அடுத்த வாரம் என்ன எடுத்துப் போவது என்று தெரியும்.

மின்னஞ்சலைப் பிள்ளை எழுத வேண்டும், நீங்கள் அல்ல. வயது, பள்ளி, பேசும் மொழிகள், 'சனிக்கிழமை 10 முதல் 12 வரை, ஜூலை முதல் டிசம்பர் வரை வர முடியும்' என்ற ஒரு வரி, பெற்றோர் சம்மதம். இவ்வளவு போதும். 'எனக்கு மணி நேரம் தேவைப்படுகிறது' என்று எழுதினால் பதில் வராது. ஜூன் விடுமுறைக்கு முந்தைய வாரம் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பதால் அப்போதும் பதில் தாமதமாகும். பள்ளி நடக்கும் வாரங்களிலும் பண்டிகைக் காலத்திலும்தான் இல்லங்களுக்கு ஆள் பஞ்சம்.

இந்த இடத்தில் ஒரு மனத்தாங்கல். கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்தால் நம் அமைப்புகள் மாணவர்களைத் தேடும். எதற்கு? வாசலில் பன்னீர் தெளிக்க, நாற்காலி போட, பிரமுகருக்குப் பொன்னாடை தட்டு ஏந்த. மூன்று மணி நேரம் நின்றதற்கு ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம். நிகழ்ச்சியை எப்படி அமைப்பது, பட்ஜெட் எவ்வளவு, தலைப்பு என்ன என்று பேசும் கூட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளை ஒருமுறைகூட அழைப்பதில்லை. பிறகு 'இளையர்கள் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வருவதில்லை' என்று மேடையிலேயே வருத்தப்படுவார்கள். எல்லா அமைப்பும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பிள்ளையை அழைத்தால், "திட்டமிடும் குழுவில் இடம் உண்டா?" என்று கேட்கச் சொல்லுங்கள். அப்படி இடம் தந்தால் அது தலைமைத்துவத்துக்கும் உதவும்.

பதிவு வைப்பதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். வெளியிடத்துச் சேவைக்குப் பெரும்பாலான பள்ளிகளில் முன்அனுமதி வேண்டும். முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் ஆசிரியர் கையை விரிப்பார். பயண நேரம் கணக்கில் வராது. ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், செய்த வேலை, பொறுப்பாளர் பெயர், அன்று கவனித்த ஒரு விஷயம் என்று அன்றிரவே எழுத வேண்டும். கடைசிக் கட்டம்தான் பின்னால் பயன்படும், ஆனால் அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தொண்டூழிய ஒருங்கிணைப்பாளர்கள் வேலை மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆகையால் கடிதத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்கிவிடுங்கள். முதியவர்கள், பிள்ளைகள் முகம் தெரியும் படங்களைப் போர்ட்ஃபோலியோவில் போடாதீர்கள். அனுமதி இல்லாமல் எடுத்த படம் நேர்காணல் செய்பவருக்கு எரிச்சலைத்தான் தரும்.

தேசிய இளையர் சாதனை விருது இந்தப் பதிவுப் பழக்கத்துக்கு நல்ல சட்டகம். வெண்கலத்துக்கு 14 வயது, வெள்ளிக்கு 15, தங்கத்துக்கு 16 ஆகியிருக்க வேண்டும். சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் என்று மாதக்கணக்கில் செய்ய வேண்டியது என்பதால் கடைசி நேரத்தில் அள்ளிக் கட்ட முடியாது.

என்ரிச்மென்ட் வகுப்புக்கு வருவோம். நான் எந்த நிலையத்துக்கும் எதிரி அல்ல, எந்த நிலையமும் நடத்தவும் இல்லை. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றால், விண்ணப்பத்தைப் படிப்பவருக்கும் அது தெரியும். வெளிநாட்டில் ஒரு வாரம் 'இளம் தலைவர் முகாம்' என்று சில ஆயிரம் வெள்ளி கேட்பவை பெரும்பாலும் இந்த ரகம். தேர்வு வைத்து ஆள் எடுக்கும் திட்டங்கள் வேறு. அறிவியலில் என்றால் ஜேசி மாணவர்களுக்கு என்யூஎஸ் நடத்தும் எஸ்ஆர்பி, என்டியூவின் என்ஆர்பி, தற்காப்பு அறிவியலுக்கு ஒய்டிஎஸ்பி ஆகிய ஆய்வுத் திட்டங்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும், அதனால் அறிவிப்புப் பலகையை நம்பாமல் ஆசிரியரிடம் நேரில் கேட்பது நல்லது. தமிழில் ஆர்வமிருந்தால் சொற்களம் விவாதப் போட்டியும் தமிழ் முரசின் இளையர் முரசில் எழுதுவதும் இருக்கின்றன. தமிழில் எழுதியதை எப்படிக் காட்டுவது என்று தயங்க வேண்டாம், ஆங்கிலத்தில் நான்கு வரிச் சுருக்கம் சேர்த்தால் போதும். பள்ளி நடத்தும் என்ரிச்மென்ட் திட்டங்களுக்கு எடுசேவ் கணக்கிலிருந்து கட்டலாம். உயர்நிலை மாணவருக்கு ஆண்டுக்கு 290 வெள்ளி அதில் சேர்கிறது. தனியார் நிலையக் கட்டணத்துக்கு அது செல்லாது.

வெளிநாடு நினைப்பில் இருந்தால் இரண்டே விஷயம். பிரிட்டனின் யூகாஸ் விண்ணப்பத்தில் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துகள், ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350. முதல் இரண்டும் படிப்பைப் பற்றியவை, தொண்டூழியத்துக்கு மூன்றாவதில்தான் இடம். அமெரிக்காவின் காமன் ஆப்பில் 10 நடவடிக்கைகள், ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகள். அந்த 150இல் 'ஆர்வத்துடன் சேவை செய்தேன்' என்று எழுதினால் இடம் வீண். 'ஓராண்டு, சனிதோறும், 5 பிள்ளைகளுக்கு வாசித்தல். புதிய தொண்டூழியருக்குப் புத்தகப் பட்டியல் தயாரித்தேன்' என்றால் படிப்பவருக்கு ஏதோ கிடைக்கிறது. இங்கேதான் அந்த நோட்டு கைகொடுக்கும்.

மகனுக்குத் தேசிய சேவை இருக்கிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் சேவை முடியும்வரை இடத்தை ஒதுக்கி வைக்கும். வெளிநாட்டில் இரண்டு ஆண்டு தள்ளிவைக்க முடியுமா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். ஏ நிலைத் தேர்வு முடிந்து சில வாரங்களிலேயே படைக்குப் போய்விடலாம், முடிவுகள் பிப்ரவரி கடைசி வாக்கில் வரும், விண்ணப்பம் மார்ச்சில் மூடும். முகாமில் இருந்துகொண்டு பழைய கடிதங்களைத் தேட முடியாது. ஆகவே சான்றிதழ்கள், பள்ளி நற்சான்று, நோட்டின் பக்கங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அவனுடைய சொந்தக் கணக்கில் போட்டு வையுங்கள். பள்ளி தந்த மின்னஞ்சல் கணக்கிலும் டிரைவிலும் விட்டுவிடாதீர்கள், படிப்பு முடிந்தபின் அந்தக் கணக்கு மூடப்பட்டுவிடும்.