சாதனைப் பட்டியலும் ஒரு உடைந்த கிராங்கும்

சார், மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்க என்னிடம் வந்துவிட்டு, அன்று நீங்கள் மூவரும் கிளம்பிப் போன பிறகு எனக்கு மனசே சரியில்லை. "கவலைப்படாதீர்கள், எதைப் படித்தாலும் நன்றாக வருவாள்" என்று சொல்லி அனுப்பினேன். அது பாதிப் பேச்சு. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன், இதே குழப்பத்தோடு இன்னும் பல பெற்றோர் வருகிறார்கள் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நீங்கள் கொண்டுவந்த அந்தப் பொறியியல், அறிவியல் புலத்தின் சாதனைத் தொகுப்பைப் பார்த்தேன். பேராசிரியருக்கு விருது, மாணவர் அணிக்குக் கோப்பை, இத்தனை ஆய்வுக் கட்டுரைகள், இத்தனை காப்புரிமைகள். "இவ்வளவு பேர் சாதித்த இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைக்கும்போது வேண்டாம் என்கிறாளே" என்றீர்கள். அவளுடைய பெரியப்பா அன்று மட்டும் இரண்டு முறை போன் செய்தார். உங்கள் வீட்டம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் மகளோ பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து என் மேசையில் வைத்தாள்: சைக்கிள் பெடலைத் தாங்கும் கிராங்க், நடுவில் உடைந்தது. "உடைந்த முகத்தில் ஒரு பக்கம் வழவழவென்று இருக்கிறது, இன்னொரு பக்கம் சொரசொரவென்று இருக்கிறது, ஒரே உலோகம்தானே, ஏன் இப்படி?" என்று கேட்டாள். நீங்கள் அதை எடுத்து உள்ளே வை என்றீர்கள்.

எனக்கு அந்தத் தொகுப்பைவிட அந்தக் கேள்விதான் பெரிதாகப் பட்டது. உலோகம் போன்ற பொருட்களின் உள்ளமைப்பை ஆராயும் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் என்ற படிப்பின் கேள்வி அது.

முதலில் தொகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விருதுகளை எண்ணாதீர்கள், பெயர்களை எண்ணுங்கள். ஐசிபிசி என்ற, கல்லூரி மாணவர்களுக்கான உலகளாவிய நிரல் போட்டியில் ஓர் அணி என்றால் 3 பேர், 1 கம்ப்யூட்டர், 5 மணி நேரம். ஜெயித்தவர்கள் நிச்சயமாகக் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அவர்களில் பலர் பள்ளியிலேயே அந்தப் பயிற்சியோடு வந்தவர்கள். அந்த வெற்றியிலிருந்து அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று தெரியாது. நீங்கள் காட்டிய பக்கங்களில் பத்துப் பதினைந்து மாணவர் வெற்றிகளில் திரும்பத் திரும்ப அதே ஆறேழு பெயர்கள்தான் வந்தன. பேராசிரியர்களின் எச்-இன்டெக்ஸ் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் சொன்ன கணக்கு அது: எச் 40 என்றால், குறைந்தது 40 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 40 இருக்கின்றன என்று பொருள். அவர் முதலாண்டு மாணவிக்கு வகுப்பெடுப்பாரா, லேப் கதவைத் திறந்து விடுவாரா என்பதை அந்த எண் சொல்லாது.

நான் அந்தத் தொகுப்பில் தேடியது வேறு. பேராசிரியரின் கட்டுரையில் இளநிலை மாணவர் பெயர் சேர்ந்து வந்திருக்கிறதா? வந்திருந்தால் எந்தத் துறையில்? தேடிப் பார்த்தால், கடைசிப் பக்கங்களில் ஒதுங்கிக் கிடந்த ஒரு சின்னத் துறையில்தான் அப்படி வரிசையாக இருந்தது. மெட்டீரியல்ஸ் சயின்ஸ் அண்ட் எஞ்சினியரிங், பழைய பெயரில் மெட்டலர்ஜி. ஒரு கோப்பைப் படம்கூட இல்லாததால் நீங்கள் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டீர்கள்.

பேராசிரியர் சாதனையும் மாணவர் சாதனையும் ஒன்றாவது எப்படி என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகம். 1982-இல் ஹிரோஷி அமானோ என்ற இளநிலை இறுதியாண்டு மாணவர் பேராசிரியர் இசாமு அகசாகியின் லேபில் சேர்ந்தார். காலியம் நைட்ரைடு என்ற பொருளை நல்ல படிகமாக வளர்க்க வேண்டும், அது வந்தால் நீல எல்இடி வரும். அமானோ உலையோடு உட்கார்ந்து 1000 தடவைக்கும் மேல் வளர்த்துப் பார்த்தார், படிகம் சரியாக வரவில்லை. 1985-இல்தான், அடியில் அலுமினியம் நைட்ரைடை ஒரு மெல்லிய படலமாகக் குறைந்த வெப்பத்தில் போட்டுவிட்டு அதன்மேல் வளர்த்தபோது, தெளிவான படிகம் கிடைத்தது. 2014-இல் அந்த ஆசிரியர், மாணவர், கூடவே சுஜி நகமுரா, மூவருக்கும் இயற்பியல் நோபல். இன்று உங்கள் வீட்டில் எரியும் வெள்ளை எல்இடி விளக்கும் பல போன் திரைகளின் வெளிச்சமும் அந்த நீல எல்இடியிலிருந்து வந்தவை. நோபல் வாங்குவாள் என்று சொல்லவில்லை சார். இளநிலை மாணவரை உலைக்குப் பக்கத்தில் விட்ட ஒரு லேப் இருந்தது, அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது அந்த கிராங்குக்கு வருகிறேன். உலோகம் ஒரே அடியில் உடைவதுண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உடைவதும் உண்டு. பெடலை ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் ஒரு நுண்ணிய விரிசல் மயிரிழையிலும் சிறிதாக நகர்கிறது, திறந்து மூடி உரசுவதால் அந்தப் பகுதி வழவழப்பாகிறது. உற்றுப் பார்த்தால் சிப்பியின் முதுகில் இருப்பதுபோல் வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். மிச்சமிருக்கும் உலோகம் பாரம் தாங்காத நாளில் படீரென்று உடைகிறது, அந்தப் பகுதிதான் சொரசொரப்பு. உலோகச் சோர்வு என்பார்கள். 1954-இல் காமெட் என்ற பயணிகள் ஜெட் விமானங்கள் இரண்டு வானத்திலேயே சிதறின. இன்னொரு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தம் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள், ஒரு திறப்பின் மூலையிலிருந்து விரிசல் கிளம்பியது. உங்கள் மகள் கேட்ட அதே கேள்விதான் சார், அவள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகக் கேட்டாள்.

இந்தப் படிப்பில் என்னதான் செய்வார்கள் என்று கேட்டீர்களே. ஒரு எஃகுத் துண்டை வெட்டுவார்கள், பிளாஸ்டிக் வில்லையில் பதிப்பார்கள், உப்புத்தாளில் தேய்ப்பார்கள். முதலில் முரட்டுத் தாள், அப்புறம் அடுத்தது, ஒவ்வொரு தாளுக்கும் துண்டைத் தொண்ணூறு பாகை திருப்பி, முந்தைய கீறல் முழுக்கப் போகும்வரை. பிறகு துணியில் அலுமினாப் பசை போட்டுக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்குவார்கள். அந்த நிலையில் நுண்ணோக்கியில் வைத்தால் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. ஆல்கஹாலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டால் திரவத்தில் சில நொடிகள் முக்கி, கழுவி, மறுபடி வைத்தால், மென்மையான எஃகாக இருந்தால், வெளிறிய குட்டிக் குட்டிப் படிகங்களும் நடுநடுவே கறுப்பு வரிவரியான பகுதிகளும் எழுந்து நிற்கும். எஃகுக்குள் இருக்கும் இரண்டு வகை அமைப்புகள் அவை: வெளிறியது ஃபெரைட், வரியோடியது பியர்லைட். அந்த எஃகு வளையுமா, உடையுமா, எப்படிச் சூடாக்கி எப்படி ஆற்றினார்கள் என்பதையெல்லாம் அந்தப் படத்திலிருந்து படிக்கலாம். இதற்குப் பொறுமை வேண்டும். உடைந்த கிராங்கை மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பவளிடம் அது இருக்கிறது. வெப்ப இயக்கவியல், படிகவியல், கணக்கு எல்லாம் வரும், கோடிங்கும் வரும்.

வேலை? விமான எஞ்சினுக்குள் விசிறிபோல் சுழலும் டர்பைன் இறக்கையைச் சுற்றி ஓடும் வாயு, அந்த உலோகம் உருகும் வெப்பநிலையைவிடச் சூடானது. உள்ளே குளிர்காற்று ஓடும் துளைகள் வைத்து, மேலே பீங்கான் பூசி, முழு இறக்கையையும் ஒரே படிகமாக வார்த்து அதைத் தாங்கவைக்கிறார்கள். பெரியப்பா சொல்லும் கம்ப்யூட்டர் சிப்பும் உருகிய சிலிக்கானிலிருந்து மெதுவாகச் சுழற்றி மேலே இழுத்த ஒற்றைப் படிகத்தில்தான் தொடங்குகிறது. பேட்டரி, எலும்பில் பொருத்தும் டைட்டானியம், உடைந்த பாலத்தை ஆராய்வது, இங்கெல்லாம் இவர்கள் வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்கமாட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் அளவுக்கு வேலைகள் எண்ணிக்கையில் இல்லை, முதல் சம்பளம் குறைவாக இருக்கலாம், பலர் முதுநிலையும் படிக்க வேண்டிவரும். இதை அவளிடமும் சொல்லிவிட்டேன். "தெரியும், பார்த்துவிட்டேன்" என்றாள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நான் எழுதப்போவதில்லை, உங்கள் சொந்தக்காரர்கள் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். பெரியப்பா கட்டணத்தில் பாதி கட்டுவாரா? இரவு பதினொரு மணிக்குப் பிடிக்காத பாடத்தோடு அவள் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பாரா? இரண்டும் இல்லையென்றால் அவருடைய அபிப்பிராயத்தை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், அதோடு சரி.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அந்த சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்கிறேன் என்றீர்கள். வேண்டாம். மெட்டீரியல்ஸுக்காகவும் வேண்டாம். நாலு வருடக் கட்டணம், விடுதி, போக்குவரத்து, லேப் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டுங்கள். வீட்டைத் தொடாமல் முடியவில்லை என்றால் அதே பாடத்தைக் கட்டணம் குறைந்த இடத்தில் தேடுவோம், இருக்கிறது. பின்னால் ஆராய்ச்சிக்குப் போனால், பல நாடுகளில் அறிவியல், பொறியியல் முனைவர் மாணவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவித்தொகையும் தருகிறார்கள். போட்டிகளுக்குப் போகும் அணிகளின் செலவை யார் ஏற்கிறார்கள் என்றும் கேளுங்கள், கோப்பைப் படத்துக்குப் பின்னால் பெற்றோர் கட்டிய பணம் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், "பணம் கட்டினால் உங்கள் பிள்ளை பெயரில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம்" என்று யாராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அது அவள் பெயரைக் கெடுத்துவிடும்.

அடுத்து அவள்தான் ஒரு காரியம் செய்ய வேண்டும், நீங்கள் செய்யக் கூடாது. அந்தச் சின்னத் துறையின் பேராசிரியர் ஒருவருக்கு அவளே மெயில் எழுதட்டும். பத்து வரி போதும். மதிப்பெண் பட்டியல் வேண்டாம். கிராங்கைப் பற்றி எழுதி, இரண்டாம் ஆண்டு மாணவர்களை லேபில் சேர்ப்பீர்களா, எலக்ட்ரான் நுண்ணோக்கியை மாணவர் தானே இயக்க விடுவீர்களா, கடைசியாக உங்களோடு கட்டுரை எழுதிய இளநிலை மாணவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்கட்டும். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான், அடுத்த இடத்துக்கு எழுதலாம். அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டச் சொல்லுங்கள், படித்துப் பார்க்கிறேன்.

அந்த கிராங்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடைந்த முகத்தை விரலால் தேய்க்க வேண்டாம், தண்ணீரில் கழுவ வேண்டாம், இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் வேண்டாம், அந்தக் கோடுகள் அழிந்துவிடும். உலர்ந்த தாளில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள், பேராசிரியரைப் பார்க்கப் போகும்போது அவள் எடுத்துக்கொண்டு போகட்டும்.