ரீசார்ஜபிள் பென்சில் செல்லுக்கு ‘அனலைசர்’ சார்ஜர் எதற்கு?

அனலைசர் என்பது செல்லை முழுக்க ஏற்றி, இறக்கி, அதில் உண்மையில் எவ்வளவு சார்ஜ் நிற்கிறது என்று எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி, செல்லின் கொள்ளளவை அளக்கும் அலகு) கணக்கில் காட்டும் சார்ஜர். வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, ஒவ்வொரு குழிக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டா என்பதைத்தான். மலிவு சார்ஜர்கள் பல இரண்டிரண்டாகத்தான் ஏற்றும். சொம்பிலும் குடத்திலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுவதுபோல: சொம்பு வழியும், குடம் நிரம்பாது. இங்கே வழிவது சூடாக மாறி செல்லைக் கெடுக்கும்.

என் டார்ச் சீக்கிரமே மங்கியது. சோதித்தால், 2000 என்று அச்சிட்ட நான்கு செல்லில் ஒன்று 900தான் காட்டியது. (சோதனைக்கு ஒரு நாள்கூட ஆகலாம், பொறுமை வேண்டும்.)

இந்த ரீசார்ஜபிள் செல் (நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை) 1.2 வோல்ட்தானே, பலம் குறைவு என்று நினைக்காதீர்கள்; 1.5 வோல்ட் சாதாரண செல் போகப்போக இறங்கிக்கொண்டே வரும், இதுவோ பெரும்பாலான நேரம் 1.2-ஐ ஒட்டியே நிற்கும்.