புளோரிடாவில் வீடு பார்க்கும் முன் தண்ணீர் எதுவரை வரும் என்று பாருங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எச்1பி என்ற தற்காலிக வேலை விசா. கணவரின் வேலை மாற்றத்தால் வரும் ஜூலையில் புளோரிடாவின் டாம்பா பகுதிக்குக் குடிபோகிறோம். பள்ளி செல்லும் குழந்தைகள் இரண்டு பேர். ஓராண்டு வாடகைக்கு இருந்துவிட்டு வீடு வாங்க எண்ணம். புயலை நினைத்தால்தான் பயம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பயப்படுவதில் தவறில்லை. ஆனால் பயப்பட வேண்டியது காற்றுக்கு அல்ல, தண்ணீருக்கு. 1992இல் ஆண்ட்ரூ புயல் தென் புளோரிடாவைப் புரட்டிப் போட்ட பிறகு கட்டட விதிகள் கடுமையாயின. 2002 முதல் மாநிலம் முழுவதும் ஒரே விதிமுறை. அதன்பின் கட்டிய வீடுகள் காற்றைப் பெரும்பாலும் தாங்கிவிடுகின்றன. கடல்நீர் ஏறி வந்தால் காற்றுக்கான அந்த விதிமுறை உதவாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் மையம் டாம்பாவிலிருந்து ஏறத்தாழ 100 மைல் தள்ளிக் கடலிலேயே கடந்துபோனது. ஆனாலும் டாம்பா விரிகுடாவில் நீர்மட்டம் வழக்கத்தைவிட 6 அடிக்கு மேல் உயர்ந்து, கரையோரத் தெருக்களில் வீடுகளுக்குள் புகுந்தது.

எனவே வாடகை வீடானாலும் முகவரி கிடைத்ததும் இரண்டு வரைபடங்களைப் பாருங்கள். ஒன்று, கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) வெளியிடும் வெளியேற்ற மண்டலம்: ஏ, பி, சி என்று போகும், ஏ மண்டலத்தைத்தான் முதலில் காலி செய்யச் சொல்வார்கள். மற்றொன்று, மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமா போட்ட வெள்ள மண்டலம்: ஏஇ, விஇ என்றால் ஆபத்து அதிகம், எக்ஸ் என்றால் குறைவு. புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். முதலாவது உயிருக்கு, கடல்நீர் ஏற்றத்தை வைத்துப் போட்டது. இரண்டாவது வங்கிக்கும் இன்சூரன்ஸுக்கும். மழைநீர், ஆறு, குளம் எல்லாம் அதில் சேரும். வெளியேற்ற மண்டலத்தில் இல்லாத வீடு ஏஇ மண்டலத்தில் இருக்கலாம். எக்ஸ் என்றால் வெள்ளமே வராது என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான்.

சாதாரண வாடகைதாரர் இன்சூரன்ஸ் வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வாடகைதாரர்கள் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் 1,00,000 டாலர் வரை பாலிசி எடுக்கலாம். ஆனால் அது நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும். ஜூலை நடுவில் எடுத்தால் ஆகஸ்ட் நடுவில்தான் பலன். புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதில் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை என்பதால், குத்தகையில் கையெழுத்திடும் வாரமே எடுத்துவிடுங்கள். ஓராண்டுக் குத்தகை என்றால், அந்த வீட்டில் முன்பு வெள்ளம் வந்ததா என்ற எழுத்துமூல அறிவிப்பையும் உரிமையாளரிடம் கேளுங்கள். இப்போது மாநிலச் சட்டப்படி தர வேண்டும்.

அடுத்த ஆண்டு வீடு வாங்கும்போது இரண்டு இடங்களில் கணக்கு தப்பும்.

ஒன்று சொத்து வரி. இப்போதைய உரிமையாளர் அங்கேயே குடியிருப்பவராக இருந்தால், வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது. விற்றதும் அந்தப் பாதுகாப்பு போய், அடுத்த ஜனவரி 1 அன்று சந்தை மதிப்புக்குத் திரும்பும். விளம்பரத்தில் உள்ள பழைய வரித் தொகையை வைத்து மாதத் தவணையைக் கணக்கிட்டவர்களுக்கு இரண்டாம் ஆண்டில்தான் தலை சுற்றும். சொந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கான ‘ஹோம்ஸ்டெட்’ வரிச் சலுகைக்கு மார்ச் 1க்குள் விண்ணப்பிக்க வேண்டும். தற்காலிக விசாவில் இருப்பவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. உங்களைச் சார்ந்த குழந்தை அமெரிக்காவில் பிறந்து அதே வீட்டில் வசித்தால் வழி இருக்கலாம். கவுண்டி சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று வீட்டு இன்சூரன்ஸ். விலை பேசுவதற்கு முன்பே அதற்கான மதிப்பீட்டை வாங்குங்கள். கூரையின் வயது பிரீமியத்தைப் பெரிதும் பாதிக்கும். கூரை சுவரோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது, ஜன்னல்களுக்கு ஷட்டர் உண்டா என்று பார்க்கும் ‘விண்ட் மிட்டிகேஷன்’ ஆய்வுக்குச் செய்யும் செலவு பெரும்பாலும் தள்ளுபடியில் திரும்பக் கிடைத்துவிடும். புயலுக்கென்று தனி டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தருமுன் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை) உண்டு, அதுவும் சதவீதத்தில்: வீட்டுக் காப்பு 4,00,000 டாலர், டிடக்டிபிள் 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து. இன்னொரு விஷயம், புயல் நெருங்கினால் கம்பெனிகள் புதுப் பாலிசி தருவதை நிறுத்திவிடும். செப்டம்பரில் பத்திரப் பதிவு வைத்தால் நாள் தள்ளிப்போகத் தயாராக இருங்கள்.

ஜூலைக்கு வருவோம். நியூ ஜெர்சி போலச் செப்டம்பரில் பள்ளி திறக்கும் என்று இருந்துவிடாதீர்கள். இங்கே ஆகஸ்ட் 10ஐ ஒட்டித் தொடங்கிவிடும். தடுப்பூசி விவரம் புளோரிடாவின் சொந்தப் படிவமான டிஎச் 680இல் இருக்க வேண்டும். உள்ளூர் மருத்துவரோ கவுண்டி சுகாதாரத் துறையோ மாற்றித் தருவார்கள். கடந்த 12 மாதத்துக்குள் செய்த உடல் பரிசோதனைச் சான்றும் கேட்பார்கள்.

வேலையில் சேர்ந்தாலோ பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தாலோ 10 நாளுக்குள் காரைப் பதிவு செய்ய வேண்டும். லைசென்ஸுக்கு 30 நாள். பெரும்பாலான கவுண்டிகளில் இவை நடப்பது டாக்ஸ் கலெக்டர் அலுவலகத்தில். பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), ஐ-797 (எச்1பி ஒப்புதல் கடிதம்), முகவரிச் சான்று இரண்டு கொண்டுபோங்கள். புளோரிடா பாலிசி இல்லாமல் பதிவு நடக்காது. நியூ ஜெர்சி நம்பர் பிளேட்டை ஒப்படைக்கும்வரை அங்குள்ள பாலிசியையும் ரத்து செய்யாதீர்கள். சில நாள் இரண்டுக்கும் பணம் கட்டத்தான் வேண்டும். பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான காப்பு இங்கே எல்லோருக்கும் கட்டாயமில்லை. அதனால் மோதியவரிடம் அது இல்லாமலே போகலாம். ‘அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட்’ காப்பைச் சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கையில் உள்ள ஈஸிபாஸ் சுங்கக் கருவி இங்குள்ள டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையிலும் வேலை செய்யும். மாநில வருமான வரி கிடையாது. சம்பளப் பிரிவில் சொல்லி நியூ ஜெர்சிப் பிடித்தத்தை நிறுத்துங்கள்.

வீட்டுக்குள் தொல்லை ஈரப்பதம்தான். ஏசி ஃபேனை ‘ஆட்டோ’வில் வையுங்கள். ‘ஆன்’ என்று வைத்தால் கம்ப்ரசர் நின்ற பிறகும் காற்று ஓடி, காயிலில் படிந்த நீரை மறுபடி வீட்டுக்குள்ளேயே கலக்கும். வடிகால் குழாயில் பாசி அடைத்தால் மிதவை சுவிட்ச் ஏசியையே நிறுத்திவிடும். மாதம் ஒருமுறை ஒரு கப் வினிகர் ஊற்றினால் போதும். ஊருக்குப் போகும்போது அணைக்காமல் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டில் விட்டுச் செல்லுங்கள், இல்லாவிட்டால் அலமாரியெல்லாம் பூஞ்சை.

வெளியேறச் சொன்னால் நூற்றுக்கணக்கான மைல் ஓட வேண்டாம். மேடான இடத்தில், வெளியேற்ற மண்டலத்துக்கு வெளியே இருக்கும் நண்பர் வீடு போதும். அது யார் வீடு என்பதை இப்போதே பேசி வையுங்கள். தண்ணீர் ஒருவருக்கு நாளுக்கு ஒரு காலன் என்று ஏழு நாளைக்கு வேண்டும். ஜெனரேட்டர் வைத்தால் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, வெட்டவெளியில். மின்சாரக் கார் இருந்தால் உப்புநீர் ஏறக்கூடிய கராஜில் விடாதீர்கள். பேட்டரி பிறகு தீப்பிடிக்கலாம்.

கடற்கரையில் இரட்டைச் சிவப்புக் கொடி என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. ஊதா என்றால் ஜெல்லி மீன் போன்றவை. கோடையில் பாதத்தைத் தேய்த்தபடி நடந்தால் மணலில் கிடக்கும் திருக்கை விலகிப் போகும். இடி கேட்டால் உடனே மூடிய கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் இருங்கள். குடியிருப்புக்குள் இருக்கும் அழகான குளத்தில் முதலை இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, பிள்ளைகளை அந்திக்குப் பின் அதன் கரையில் விடாதீர்கள்.